பூனையைத்தான் சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அஞ்சாம் வகுப்போடு பேனாவை வைத்த பேச்சித்தாய்க்கு டைரி எதற்கு? இது உரக்கடையில் என் மகனுக்கு எப்போதோ சும்மா கொடுத்தது. பழைய வருஷத்து டைரி, கிழமை எல்லாம் தப்பு. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கடலைமிட்டாய்ப் பட்டறையில் வெல்ல மூட்டைக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை தாய்ப்பூனை ரோட்டில் வேனில் அடிபட்டுப் போய்விட்டது. மூன்று குட்டியில் இரண்டு அதன் பின்னாலேயே போயின. இன்று காலை மூன்றாவது மட்டும் சாக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. "யாராவது இதை வெளிய கொண்டுபோய் விடுங்கம்மா" என்றார் முதலாளி.

"நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன் மொதலாளி. எனக்கும் பொம்பளப் பிள்ள இல்லல்லா."

"அதான் ஒன் வீட்டுக்கு மருமக வந்திருக்காளே" என்றாள் பக்கத்தில் மிட்டாய் சுற்றுகிறவள்.

"அது வளந்து வந்த பூனைளா. இனி எங்க பழக்க?" என்றேன். பட்டறையே சிரித்தது. பாகு கிண்டுகிறவர் கரண்டியை விட்டுவிட்டுச் சிரித்தார். நான் வாயைத் திறந்தால் அப்படித்தான்.

சாப்பாட்டுப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எடை முன்னூற்றுப் பத்து கிராம். பெண் குட்டி. பிறந்து நாலு வாரம் இருக்குமாம். மாட்டுப்பால் கூடவே கூடாது, வயிற்றால் போய்ச் செத்துவிடும் என்றார்கள். பால் மாவு ஒரு டப்பா, ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று. மூன்று மணிக்கு ஒரு தடவை. குப்புற வைத்துத்தான் கொடுக்கவேண்டும், மல்லாத்தினால் நெஞ்சுக்குள் போய்விடும். எவ்வளவு குடித்தது, வெளிக்கு எப்படிப் போனது, எல்லாம் எழுதவேண்டும்.

மகன் வேல்ராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். போனால் பத்து நாள் ஆகும் வர. பகலில் நானும் பட்டறைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருப்பது மருமகள் தாரணிதான். கோபிச்செட்டிபாளையத்துப் பெண். சித்திரையில் ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவள் அம்மாதான் போன்கூட எடுப்பதில்லை.

டைரியை அவளிடம் கொடுத்து, பகலில் நீ எழுது என்றேன். "சரிங்க அத்தை" என்றாள். எதற்கும் அதுதான். வீடு தீப்பிடித்தாலும் "தீப்பிடிச்சிருச்சுங்க அத்தை" என்று ஒரு 'ங்க' போட்டுவிட்டுத்தான் ஓடுவாள்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 10 மணி – 6 மில்லி.
பகல் 1 மணி – 7 மில்லி. ஈரப் பஞ்சால் துடைத்ததும் சிறுநீர் போனது.
மாலை 4 மணி – 7 மில்லி. மலம் சரியாக உள்ளது.

மேலே இருப்பது அவள் எழுதியது. அச்சடித்த மாதிரி இருக்கிறது. பி.காம். படித்தவள் பூனை மூத்திரத்தைக் கணக்கெடுக்கிறாள் பார் என்று லூர்துவிடம் சொன்னேன். லூர்து குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

பெயர் வைத்தாயிற்று. மகாராணி. சிரிஞ்சு வாய்க்கு வந்தால்தான் குடிப்பாள், துடைத்துவிட்டால்தான் மற்றது. வேறென்ன பெயர் வைக்க?

காலையில் மடியில் மல்லாக்கப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாரணி வந்து நின்றாள்.

"குப்புற வெச்சுத்தான் குடுக்கோணும்னு டாக்டர் சொன்னாங்கன்னீங்களே அத்தை."

நான் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவள். குட்டியைத் திருப்பிப் போட்டேன். அதன் மூக்கைத் தட்டி, "மகாராணி, நேத்து வந்தவ நீ, எனக்குப் பால் குடுக்கச் சொல்லித் தாரியோ?" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் லூர்து சிரிக்கிற சத்தம் கேட்டது. தாரணி உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

தாரணி குட்டியைத் துண்டில் சுற்றி அண்ணாச்சி கடைத் தராசில் வைத்திருக்கிறாள். முன்னூற்று எழுபது. "பில்லு போடவா, இல்ல கணக்குல எழுதவா?" என்றாராம் அண்ணாச்சி. இதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் சிரித்தாள். பல் வரிசை நல்ல வரிசை. இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று பட்டறையிலிருந்து வந்து குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். லூர்து சுவரில் கையூன்றி நின்றாள். "என்னக்கா, மகாராணி என்ன சொல்லுதா?"

"மகாராணிக்கு என்ன? பெத்தவளுக்கே வேண்டாம்னு போனத நான்லா மடியில வச்சுப் பாக்கேன்" என்றேன்.

லூர்து வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் எங்கள் அடுப்படி ஜன்னலைக் காட்டினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது.

தாய்ப்பூனை செத்துத்தானே போனது, வேண்டாம் என்றா போனது என்று இப்போது தோன்றுகிறது. பேச்சு அப்படி வந்துவிட்டது. விளையாட்டுக்குப் பேசும்போது அதெல்லாம் பார்க்க முடியுமா?

ஜூன் 19, வியாழன்

காலை 10 – 9 மில்லி.
பகல் 1 – 10 மில்லி. சிரிஞ்சைத் தானே கவ்விப் பிடிக்கிறது.
மாலை 4 – 10 மில்லி.

வந்ததும் தொட்டியில் ஒரு காப்பி டம்ளர் கழுவாமல் கிடந்தது. ஒன்றே ஒன்றுதான். மகாராணி என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "பாலக் குடிக்க மட்டும் தெரியுது, குடிச்சதக் கழுவத் தெரியலையே ஒனக்கு" என்றேன். சத்தமாகச் சொன்னால்தானே பூனைக்குக் கேட்கும்.

"எக்கா, ஒன்ன மாதிரி ஜாடை பேச கோயில்பட்டியிலயே ஆள் கெடையாது" என்றாள் லூர்து, சுவருக்கு மேலே தலையை நீட்டி.

"போளா, நான் பூனையத்தான் சொன்னேன்."

அதற்கு இன்னும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 21, சனி

அண்ணாச்சி தராசில் நானூற்று நாற்பது. தொப்பை வைத்திருக்கிறது.

இரண்டு நாளாகத் தாரணி கட்டங்காப்பிதான் குடிக்கிறாள். பால் பிடிக்கலீங்க என்கிறாள். சோறும் பானையில் மிஞ்சுகிறது. நேற்றைய சோறே இன்றைக்குப் பழையதாக எனக்கு ஆயிற்று. டவுன் பிள்ளைகள் உடம்பு இளைக்க இப்படித்தான் பட்டினி கிடப்பார்களாம், டிவியில் காட்டினார்கள். ஜாக்கெட்டில் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருக்கிறாள். வளையல் பாத்திரம் தேய்க்கையில் மணிக்கட்டைத் தாண்டி விழுகிறது.

வேல்ராஜ் போன் போட்டான். "எம்மா, தாரணி நல்லாருக்காளா?"

"மகாராணி மாதிரி இருக்கா" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு லீவு. தாரணி தலைக்குக் குளிக்கப் போயிருந்தபோது மதியப் பாலை நான் கொடுத்தேன். நன்றாகக் குடித்தாள்.

ஜூன் 23, திங்கள்

காலை 10 – குடிக்கவில்லை. தண்ணீர்போல் மூன்று முறை போயிருக்கிறது.
பகல் 1 – 2 மில்லி. வாந்தி.
மாலை 4 – குடிக்கவில்லை. கத்தவும் இல்லை.
ஞாயிறு பகல் – அளவு எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தால் குட்டி துணிப் பெட்டியில் கசக்கிப் போட்ட துண்டு மாதிரி கிடக்கிறது. தாரணி வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் குத்த வைத்திருக்கிறாள். டாக்டரம்மா ஐந்து மணிக்கு மேல் இல்லை. நாளைக் காலையில்தான் போகவேண்டும்.

"மகாராணி, ஒன்ன யாரு என்ன செஞ்சாவளோ தெரியலையே. பகல்பூரா வீட்டுல ஆளிருந்தும் இப்படியா?" என்றேன்.

லூர்துகூட அங்கே இல்லை. யாரைச் சிரிக்கவைக்கச் சொன்னேன்?

ஜூன் 24, செவ்வாய்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆடும் கோழியுமாகக் கூட்டம். டாக்டரம்மா குட்டியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார்கள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது. உடம்பில் தண்ணியே இல்லை என்று முதுகில் ஊசியால் மருந்துத்தண்ணி ஏற்றினார்கள். பிறகு டைரியைப் புரட்டினார்கள்.

"மாட்டுப்பால் குடுத்தீங்களா?"

நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன்.

"உங்களைத்தாம்மா கேக்கேன். யாரு குடுத்தது?"

"நான்தானுங்க டாக்டர்" என்றாள் தாரணி. "தெரியாம குடுத்துட்டேனுங்க."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச பொண்ணுதானே? ஒவ்வொரு மில்லியும் எழுதத் தெரிஞ்சிருக்கு, அன்னைக்கு மட்டும் எழுதலையே? மறைச்சா குட்டி பிழைக்குமா? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்."

பின்னால் வெள்ளாடு பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்க பொறுப்பு இருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டினேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பொடிப்பால் என்ன பலம் கொடுக்கும் என்று நல்ல பசும்பாலாகச் சுண்டக் காய்ச்சி, ஆடையோடு, கைப்பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடைச் சங்கு நிறையக் கொடுத்தவள் நான். மருமகளைவிட எனக்கு வளர்க்கத் தெரியும் என்று. அவள் குளித்துவிட்டு வந்து பாலாடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துக் கழுவி வைத்தாள். டைரியில் அளவு எழுதவில்லை என்று மட்டும் எழுதினாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவளுக்குத் தலை சுற்றியது. பெட்டியை மட்டும் விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீக்கடைக்கு ஓடினேன். "பாலில்லாம வாங்குங்க அத்தை" என்றாள், அந்த மயக்கத்திலும். வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ எதுக்குளா பழிய ஏத்துக்கிட்ட?"

அவள் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுக்குப் போனா இந்தக் குட்டியத்தான் வெச்சுப் பேசுவீங்க. அதுக்கு உடம்பு சரியில்லீங்க அத்தை. இன்னைக்கு ஒரு நாளைக்கு அதைத் திட்டாதீங்க. பழிதான் எம்மேல வந்துருச்சே, என்னையவே நேரா திட்டிப்போடுங்க."

பஸ் வந்தது. ஏறினோம். கோயில்பட்டி முழுக்கச் சிரிக்கவைக்கிற வாய், ஏழு நிறுத்தம் வரைக்கும் திறக்கவில்லை.

ஜூன் 25, புதன்

காலை 10 – 4 மில்லி. வாந்தி இல்லை.
பகல் 1 – 5 மில்லி.
மாலை 4 – 6 மில்லி. ஒரு முறை கத்தியது.

எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

லூர்து சுவருக்கு வந்து, "என்னக்கா சத்தத்தையே காணும், மகாராணி பிழைச்சாச்சா?" என்றாள். "பிழைச்சாச்சு" என்று உள்ளே வந்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மிச்சத்துக்குக் காத்திருந்தாள் போல.

டைரியை முதலிலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கும்போதுதான் உறைத்தது. நான் வளந்து வந்த பூனை என்று அவளைச் சொன்னது, 'ங்க' என்று நக்கல் அடித்தது, பெத்தவளுக்கே வேண்டாம் என்றது, எல்லாம் இதில்தான் இருக்கிறது. அவள் எழுதுகிற பக்கத்திலேயே இருக்கிறது. என் கோழிக் கிறுக்கலை யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். தினமும் காலையில் டைரியைத் திறந்து, நான் முந்தின நாள் எழுதியதை எல்லாம் தாண்டித்தானே அவள் "10 மணி" என்று ஆரம்பித்திருப்பாள்? பதினைந்து நாளில் ஒரு வரி பதில் எழுதவில்லை. ஒரு மில்லியும் விடவில்லை.

ஜாடை என்றால் என்ன என்று தெரியாதவளா நான்? எனக்கே என் மாமியார் அடுப்படியில் கோழியை விரட்டி விரட்டிப் பேசியிருக்கிறார். "நான் கோழியச் சொன்னா ஒனக்கு என்ன?" என்பார். பதில் சொன்னால் நான்தான் கோழி. சொல்லாவிட்டாலும் நான்தான் கோழி.

லூர்துவிடம் பூனையைத்தான் சொன்னேன் என்று அடித்துச் சொன்னேன். முதல் தடவை குட்டியின் மூக்கைத் தட்டியபோது அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போதும் மனசைத் தேற்றிப் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தொட்டியில் கிடந்த டம்ளர்? சிரிஞ்சில் குடிக்கிற பூனைக்கு ஏது டம்ளர்?

இதையும் நாளைக் காலை அவள் படிப்பாள். படிக்கட்டும்.

ஜூன் 27, வெள்ளி

காலை 10 – 9 மில்லி.
பகல் 1 – 10 மில்லி. பந்தைத் தட்டி விளையாடியது.

அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தாள். நான் முற்றத்தில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்று ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. கேட்கவேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு நக்கலைப் போட்டுத் தாண்டி வந்தவள். தொண்டையைச் செருமிக்கொண்டு, குட்டியின் காதுக்கு மேலே பேசினேன்.

"மகாராணி, நான் சொன்னதெல்லாம் தப்பு. வாய் நீளம் எனக்கு. நீ மனசுல வச்சுக்கிடாத. ஒரு வாய் வயித்துக்குத் தின்னு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. தாரணி வாசலுக்கு வந்தாள். கையில் மாவு.

"இது பூனைக்குச் சொன்னீங்களா, எனக்குச் சொன்னீங்களாங்க அத்தை?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். தெரிந்துகொள்ளவேண்டும் அவளுக்கு. பூனைக்கு என்று சொல்லியிருந்தால் "சரிங்க அத்தை" என்று உள்ளே போயிருப்பாள், அதுவும் தெரிந்தது. லூர்து வேறு சுவருக்கு வந்துவிட்டாள்.

குட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

"ஒனக்குத்தான்" என்றேன். "ஒனக்குத்தான் சொன்னேன் தாரணி. இதுவும். அதுவும்."

லூர்து எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கொடியில் காயாத துணியை எடுக்க ஆரம்பித்தாள்.

தாரணி அழவில்லை. கையில் இருந்த மாவைப் பார்த்துவிட்டு, "தோசை ஊத்தட்டுங்களா?" என்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் இரண்டுதான் சாப்பிட்டாள். மூன்றாவதை வைக்கப் போனேன், போதுமுங்க என்றாள். ஒரே நாளில் சரியாகிவிட இது என்ன ஊசி போட்ட வயிறா?

ஜூன் 30, திங்கள்

குட்டியைத் திரும்பக் காட்டச் சொன்ன நாள். பட்டறைக்கு அரை நாள் லீவு. பஸ்ஸில் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முறை வந்ததும் பெட்டியை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, அன்னைக்கு மாட்டுப்பால் குடுத்தது இவ இல்ல. நான். இவ தெரிஞ்சும் எனக்காகச் சொன்னா. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எந்தப் பாலும்மா? எந்தக் குட்டி?" என்றார்கள்.

எத்தனை ஆடு, எத்தனை நாய் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு நினைவே இல்லை. வெள்ளாட்டுக்காரப் பெரியவரும் இல்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் புதிது. அன்றைக்கு அவள் தலை குனிந்து நின்றதைப் பார்த்த ஒருவர்கூட நான் சொன்னதைக் கேட்க இல்லை. இதை முன்னால் நினைத்துப் பார்க்கவில்லை. அவமானத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று போனால், அதை வைத்த இடம் மாறிப்போயிருக்கிறது.

எடை நானூற்று எழுபது. இனி தட்டில் வைத்தே பழக்கலாம் என்றார்கள்.

வெளியே வந்ததும் தாரணி, "எனக்குக் கேட்டுச்சுங்க" என்றாள். டீக்கடையைப் பார்த்ததும் அவளாகவே நின்றாள். பால் போட்ட டீ வாங்கினேன். முழுசும் குடித்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மகாராணி தட்டில் குடிக்கப் பழகிவிட்டாள். நாலு காலையும் தட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு குடிக்கிறாள். அந்தப் பெயரை மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "அதுக்குப் பேரு பழகிப்போச்சுங்க அத்தை" என்றுவிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் எனக்குத்தான் சுருக்கென்கிறது. இருக்கட்டும்.

வேல்ராஜ் நேற்று வந்தான். "என்னம்மா, வீடு அமைதியா இருக்கு?" என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. தாரணியும் சொல்லியிருக்கமாட்டாள். டைரியை அவனுக்குத் தெரிகிற மாதிரி டிவிக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

லூர்து இப்போதெல்லாம் சுவர்ப்பக்கம் அவ்வளவாக வருவதில்லை. வந்தாலும் தண்ணி வந்துச்சாக்கா என்பதோடு சரி.

சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, காலை நீட்டி டிவி முன்னால் உட்கார்ந்தேன். தாரணி பூனைக்குத் தட்டை வைக்க அடுப்படிக்குப் போனாள். போனவளின் சத்தம் கேட்டது. அவளுக்கு இவ்வளவு சத்தம் வரும் என்றே எனக்குத் தெரியாது.

"ஏனுங்க மகாராணி, காப்பி மட்டும் குடிக்கத் தெரியுதுங்க, குடிச்ச டம்ளரக் கழுவத் தெரியலீங்களே உங்களுக்கு?"

வேல்ராஜ் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பூனை தட்டில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. தாரணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். முதுகு குலுங்கியது.

டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"அய்யோ, நான் பூனையத்தானுங்க சொன்னேன் அத்தை" என்றாள்.